கொட்டகைக்கும் வரலாறு உண்டு!

(காரைக்கால் தெருமுனைக் கூட்டத்தில் தகவல் தொழில்நுட்ப அணி சார்பில் பேசியதின் எழுத்து வடிவம். முழுசாப் படிச்சுட்டுப் பகிருங்க.)



விலைவாசியும் வேலைவாய்ப்பும் எனக்கு முன்னாடி அண்ணன்கள் பேசிட்டாங்க. நான் பழைய சினிமா கொட்டகையைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. கடைசியில இதுவும் வேலைவாய்ப்புல வந்துதான் நிக்கும்.

எங்க தாத்தா திருமலைராயன்பட்டினத்துலேருந்து சைக்கிள் மிதிச்சு காரைக்காலுக்கு இரண்டாம் ஆட்டம் பார்க்க வந்தவர். தரை டிக்கெட். இடைவேளைக்கு முறுக்கும் சோடாவும். படம் விட்டதும் ரோட்டோர டீக்கடையில நின்னு பாதிப் படத்தை மறுபடியும் பேசிட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்களாம். அந்தக் கொட்டகை இன்னைக்குப் பூட்டிக் கிடக்கு. டிக்கெட் கொடுத்த இடத்துல ஆடு படுத்திருக்கு. இடிச்சிட்டு காம்ப்ளக்ஸ் வரப்போகுதுன்னு ஊருக்குள்ள பேச்சு.

மரபுன்னு சொன்னா நம்ம ஊர்ல எதைக் காட்டுவோம்? அம்மையார் கோயில், திருநள்ளாறு, தேற்றரவு அன்னை ஆலயம், மஸ்தான் சாகிப் தர்கா. அத்தனையும் நமக்குப் பெருமை. 1739 முதல் 1954 வரை இருந்த பிரெஞ்சு ஆட்சியோட மிச்சத்தைப் படமெடுக்கக்கூட வெளியூர்லேருந்து ஆள் வருது. ஆனா மீனவரும் விவசாயக் கூலியும் கடைச் சிப்பந்தியும் சாயங்காலம் கூடின இடத்துக்கு யார் காவல்?

பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லியிருக்கார். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்த முதல் கலையரங்கம் சினிமா கொட்டகைதான். டிக்கெட் விலையில வித்தியாசம் இருந்தது. ஆனா காசு கொடுத்தா யாரும் உள்ளே போகலாம், நீ எந்தத் தெருன்னு யாரும் கேட்கலை. சமத்துவம் பேசுற நாம அந்தச் சுவரை வெறும் செங்கல்லாப் பார்க்கலாமா?

சட்டம் என்ன சொல்லுது? 1958ஆம் ஆண்டு மத்திய தொல்லியல் சட்டப்படி நினைவுச்சின்னமா அறிவிக்க ஒரு கட்டிடத்துக்குக் குறைஞ்சது 100 வயசு ஆகியிருக்கணும். அறுபது வயசுக் கொட்டகை அதுல வராது. நூறு வயசு வரைக்கும் அதை நிக்க விடவும் மாட்டோம். அப்புறம் எதைப் பாதுகாக்கிறது?

மதுரை தங்கம் தியேட்டரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1952ல 'பராசக்தி' படத்தோட திறந்தது. ஆசியாவிலேயே பெரிசுன்னு மதுரைக்காரங்க மார்தட்டின தியேட்டர். இன்னைக்கு அந்த இடத்துல ஜவுளிக்கடை. அதே சமயம் சென்னை அண்ணா சாலைக்குப் போங்க. 1913ல வந்த எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டிடம் இன்னமும் இருக்கு. அஞ்சல் துறை வாங்கி, இப்ப அஞ்சல்தலை மையமாப் பயன்படுத்துது. படம் ஓட்டினால்தான் காப்பாத்த முடியும்னு இல்லை. புது வேலை கொடுத்தாலும் கட்டிடம் பிழைக்கும்.

புதுச்சேரியில என்ன நடந்தது? 19ஆம் நூற்றாண்டு மேரி கட்டிடம் 2014 நவம்பர் மழையில சரிஞ்சு விழுந்தது. பழைய வடிவத்துலேயே திரும்பக் கட்டி 2021லதான் திறந்தாங்க. விழுந்த பிறகு கட்டுறதைவிட விழாமப் பார்த்துக்கிறது லாபம். அதுக்கும் அதே புதுச்சேரியில வழி இருக்கு. வைசியாள் தெருவுல வீட்டுக்காரங்களுக்குச் செலவுல பங்கு கொடுத்து முகப்புகளைச் சீரமைச்சாங்க. 2008ல யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் மரபு விருது கிடைச்சது.

நம்மை ஆண்ட பிரான்ஸ்ல லா சியோட்டான்னு ஒரு கடற்கரை ஊர். சினிமாவைக் கண்டுபிடிச்ச லூமியேர் சகோதரர்கள் படம் காட்டின ஈடன் தியேட்டர் அங்கே 1995ல மூடிடுச்சு. ஊர் விடலை. சீரமைச்சு 2013ல திறந்தாங்க, இன்னைக்கும் படம் ஓடுது. அந்த நாட்டுல விற்கிற ஒவ்வொரு சினிமா டிக்கெட்லயும் ஒரு பங்கு வரியா எடுத்து, சின்ன தியேட்டர்களுக்கும் படங்களுக்கும் திருப்பிக் கொடுக்கிறாங்க.

தியேட்டர் உரிமையாளரை வில்லனாக்க நான் வரலை. கூட்டம் இல்லை, கரண்ட் பில்லும் சொத்து வரியும் நிக்கலை. அவர் எத்தனை வருஷம் கைக்காசைப் போடுவார்? நானே பாதிப் படத்தை போன்லதான் பார்க்கிறேன். சுமையை அவர் தலையில மட்டும் வச்சிட்டு மரபு பேசுறது நியாயமில்லை.

ரோட்டோரக் கடைகளுக்கும் இதே கதைதான். விழுப்புரம் நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையில வண்டிகள் ஊருக்கு வெளியே பறந்துடும். பழைய ரோட்டு டீக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் வழிப்போக்கர் குறைவாங்க. சாலை வேணும், மறுப்பில்லை. ஆனா தலைமுறையா அடுப்பெரியுற கடைக்கு ஊருக்குள்ள ஒரு அறிவிப்புப் பலகையாவது வேணாமா?

நாம அரசிடம் வைக்கிற கோரிக்கை மூணு:

1. கொட்டகை, பழைய ஓட்டல், சத்திரம், சுமைதாங்கிக் கல் எல்லாத்தையும் கொம்யூன் வாரியாகக் கணக்கெடுத்துப் பட்டியல் போடணும். பட்டியல்ல இருப்பதை இடிக்கும் முன் மக்கள் கருத்துக் கேட்கணும்.

2. முகப்பைக் காப்பாத்துற உரிமையாளருக்குச் சொத்து வரிச் சலுகையும் சீரமைப்புச் செலவுல பங்கும் தரணும்.

3. பூட்டிக் கிடக்கும் ஒரு கொட்டகையையாவது உரிமையாளர் சம்மதத்தோட வாடகைக்கு எடுத்து நூலகம், நாடக மேடை, வார இறுதிப் படக்காட்சின்னு நடத்தணும். மாங்கனித் திருவிழாவுக்கும் சனிப்பெயர்ச்சிக்கும் வர்ற கூட்டம் அங்கேயும் ஒரு மணி நேரம் நிக்கும். டிக்கெட் கிழிக்க, டீ போட, ஊர்க்கதை சொல்ல நம்ம பசங்களுக்கு வேலை வரும். ஆரம்பத்துல சொன்னேனே, அது இதுதான்.

அரசு செய்யும் வரை நாம சும்மா இருக்க வேணாம். உங்க வீட்டுப் பெரியவங்க பக்கத்துல உட்கார்ந்து எந்தக் கொட்டகை, எந்த ஓட்டல், என்ன படம்னு கேட்டு போன்ல பதிவு பண்ணுங்க. பழைய போட்டோ, டிக்கெட் இருந்தா நம் பக்கத்துக்கு அனுப்புங்க. தொகுத்து மனுவோட சேர்த்துக் கொடுக்கிறது எங்க அணியோட பொறுப்பு.

தாத்தாவுக்கு இப்ப சைக்கிள் மிதிக்க முடியாது. கொட்டகை நின்னா, கூட்டிட்டுப் போக நான் இருக்கேன்.



#கொட்டகைக்கும்_வரலாறு_உண்டு
#காரைக்கால்_மரபு