எரிமலை என்னும் சொல்



இங்கே இதுவரை படிக்கப்பெற்ற கவிதைகளில் எத்தனை எரிமலைகள் வெடித்திருக்கும் என்று எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? சினம் என்றால் எரிமலை. புரட்சி என்றால் எரிமலை. ஏமாந்த காதலனின் நெஞ்சும் எரிமலை! எரிமலை ஒன்றின் ஊடே ஒரு பகல் முழுதும் நடந்து வந்தவன் என்ற முறையில், அந்தச் சொல்லின் சார்பில் சிறிது வழக்காட விரும்புகிறேன்.

நியூசிலாந்தின் வடதீவில் உள்ளது தோஙரிரோ மலை. அதைக் கடக்கும் நடைவழி ஏறத்தாழ 20 கிலோமீட்டர்; ஏழெட்டு மணி நேர நடை. நம் மொழியில் சொல்லுக்கு முதலாக வரத் தயங்கும் ஙகரம் மாவோரி மொழியில் தாராளமாக முதலில் நிற்கிறது. அம்மக்களின் பழங்கதையில் வரும் பூசாரியின் பெயர் ஙாத்தோரோயிராஙி. அவர் இம்மலையில் ஏறியபோது தென்காற்றின் குளிரில் உயிர் பிரியும் நிலைக்கு ஆளானார். ஹவாயிக்கி என்னும் தொல்தாயகத்தில் இருந்த தம் உடன்பிறந்தாளரை நோக்கி நெருப்பு வேண்டிக் கூவினார். அவர்கள் அனுப்பிய நெருப்பு நிலத்தடியே வந்து இங்கே வெளிப்பட்டதாம். 'தோஙா' என்றால் தென்காற்று. 'ரிரோ' என்றால் கொண்டுபோகப்பட்டது. ஆக, அந்த நெருப்பு சினத்தின் நெருப்பன்று. குளிரில் வாடிய உடன்பிறந்தானுக்குத் தமக்கையரும் தங்கையரும் அனுப்பியது. நம் உவமைகளில் இந்தப் பொருள் ஒருமுறையேனும் வந்ததுண்டா?

நடந்து பார்த்தால் கதை மெய்யென்றே தோன்றும். முதலில் உடலில் உறைப்பது குளிர்தான். வழியின் மிக உயர்ந்த இடம், 1886 மீட்டரில், செம்பிலவாய் என்று நாம் சொல்லத்தக்க எரிவாயின் விளிம்பு. பாறையிலுள்ள இரும்பு துருவேறிய சிவப்பு அது, தணல் அன்று. அப்பால் இறக்கம் முழுதும் கால் வைத்த இடமெல்லாம் சரியும் பொடிக்கல். மண்ணிலிருந்து ஆவி கசிகிறது. கீழே மூன்று பச்சை ஏரிகள். தாதுக்கள் கரைந்து வந்து தந்த நிறம் அது. நீரோ சில்லென்ற அமில நீர். சற்றுத் தள்ளியுள்ள நீல ஏரியை மாவோரிகள் புனிதமாகப் போற்றுகின்றனர்; அதன் கரையில் உண்ணலும் பருகலும் ஆகா, நீரைத் தொடலும் ஆகா. வந்தவர்கள் தொடாமல் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். கவிதைக்குள் எதையும் கைவைத்து அளைந்து பழகிய எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

வெடிப்பே இல்லையா என்பீர்கள். உண்டு. நூறாண்டுக்கு மேல் அடங்கியிருந்த தே மாரி என்னும் வாய், 2012 ஆகஸ்டு 6ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி வெடித்தது. பறந்த கற்கள் கேத்தேத்தாஹி குடிலின் கூரையைத் துளைத்தன. அதே ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மீண்டும் வெடித்தது. அப்போது நண்பகல் கடந்த நேரம், பள்ளிப் பிள்ளைகள் பாதையில் இருந்தனர். எவருக்கும் தீங்கில்லை. நம் கவிதை எரிமலைகளோ வாரந்தோறும் வெடிக்கின்றன!

இறங்கும் வழியில் ரோத்தோஅயிரா ஏரியும் அதன் பின்னே பிஹஙா மலையும் தெரியும். அந்த நங்கைக்காகத்தான் மலைகள் போரிட்டனவாம். தோற்ற தாரனாக்கி இரவோடிரவாக மேற்கே கடற்கரைக்குப் போய்விட்டது. அது போன தடம்தான் வாங்கனுயி ஆறு என்கிறார்கள்.