தோஷமா, தண்ணீர் வற்றியதா?



குழந்தைக்குப் பேதி கண்டு, கண் குழிந்து, உச்சிக்குழி பள்ளமாகி, நாக்கு வறண்டால், "தோஷம் தட்டிவிட்டது" என்பதாகச் சொல்லி மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பேதியில் போனது தண்ணீரும் உப்புந்தானே? விபூதி போட்டால் அது திரும்பி வருமா என்று கேட்கிறோம். இதிலே, தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகுமென்று வாயையும் கட்டிவிடுகிற புத்தி வேறு!

1971-இல் வங்காளத்துப் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நோயாளியின் சொந்தக்காரர்களைக் கொண்டே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை செத்த இடத்தில் 4 பேருக்கும் குறைவாகச் சாவு குறைந்தது. அங்கே எந்த மந்திரவாதி இருந்தான்?

அந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இனாமாகவே கிடைக்கிறது. அதில் கண்ட அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

ஆனால், முன் சொன்ன அடையாளங்கள் கண்டாலும், குழந்தை குடிக்கமாட்டாமல் துவண்டு கிடந்தாலும், குடித்ததையெல்லாம் கக்கினாலும், ஆறு மணி நேரம் மூத்திரம் போகாவிட்டாலும், அழுதால் கண்ணீர் வராவிட்டாலும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெள்ளப் படிந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் பொட்டலத்தை மட்டும் நம்பி வீட்டிலிருக்கக் கூடாது. ராகுகாலமும் சூலமும் பாராமல், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படவேண்டும். குழந்தை விழுங்குமானால் வழியெல்லாம் கரண்டி கரண்டியாக அந்த நீரையே கொடுத்துக்கொண்டு போங்கள்.