தோல் தைக்க எந்த நூல்?

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் வந்து போனவர்களுக்குத் தேக்கா தெரியும். அவ்வட்டாரத்துக்கு மலாயில் ‘கண்டாங் கெர்பாவ்’, அதாவது எருமைக் கொட்டில், என்று பெயர். மாட்டு வணிகம் மறைந்து நெடுங்காலமாகிறது. பஃபலோ சாலை என்ற பெயர் மட்டும் நிற்கிறது. இன்று தேக்கா நிலையத்து மாடியில் தையற்காரர்களின் பொறிகள் ஓடுகின்றன. அவை துணி தைப்பவை. உங்கள் வீட்டுப் பொறியும் அப்படித்தான். அதில் தோல்பையின் அறுந்த வாரைத் தைக்கலாமா? மெல்லிய தோலென்றால் தைக்கலாம். ஆனால் நூலை அறிந்து வாங்க வேண்டும்.

கடையில் நம்மைக் குழப்புபவை எண்கள்தாம். ‘டெக்ஸ்’ என்பது 1000 மீட்டர் நூலின் எடை, கிராம் கணக்கில். அந்த நீளம் 70 கிராம் இருந்தால் அது 70 டெக்ஸ். இந்த எண் ஏற ஏற நூல் தடிக்கும். ‘டிக்கெட் எண்’ இதற்கு நேர்மாறு. ஏற ஏற நூல் மெலியும். ஏறத்தாழ 70 டெக்ஸ் உள்ள நூற்கண்டில் டிக்கெட் 40 என்றிருக்கும். 135 டெக்ஸ் கண்டில் 20 என்றிருக்கும். பெரிய எண்தானே பலம் என்று டிக்கெட் 60 வாங்கிப் போனவர், பையில் அரிசியை நிரப்பித் தூக்கும்போது வார் தனியே கையோடு வரக் காண்பார். அமெரிக்கக் கணக்கு வேறு உண்டு: அங்கே 69 என்பது 70 டெக்ஸ், 138 என்பது 135 டெக்ஸ். ஆகவே எண்ணோடு, அது எந்தக் கணக்கு என்பதையும் கடைக்காரரிடம் கேளுங்கள்.

பணப்பை, கைப்பை போன்றவற்றுக்கு 70 டெக்ஸ் நைலான் நூல் போதும். ஊசி 18ஆம் எண். உறையில் 110 என்றும் இருக்கும், 1.10 மில்லிமீட்டர் பருமன் என்று பொருள். தோலுக்கென்றே வெட்டுமுனை ஊசி கிடைக்கும், அதையே கேளுங்கள். இடைவாருக்கு 135 டெக்ஸும் 22ஆம் எண் ஊசியும் வேண்டும். அது வீட்டுப் பொறியின் வேலை அன்று. வற்புறுத்தினால் ஊசி முறியும், பொறியும் கெடும். செருப்புத் தைப்பவரிடம் கொடுப்பதே சிக்கனம்.

தடித்த நூலும் எப்போதும் நல்லதன்று. மேல்நூலும் கீழ்நூலும் கோத்துக்கொள்ளும் முடிச்சு தோலின் நடுவே புதைய வேண்டும். மெல்லிய தோலில் தடித்த முடிச்சுக்கு இடமேது? துணியில் தவறினால் பிரித்துத் தைக்கலாம். தோலில் விழுந்த துளை மூடாது. நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம்போல் கிழியும். தையலுக்குத் தையல் 3 அல்லது 4 மில்லிமீட்டர் விடுங்கள்.

மழையும் வியர்வையும் படும் பொருளுக்குப் பருத்தி நூல் வேண்டாம், உளுத்துவிடும். வெயிலில் கிடப்பதற்குப் பாலியஸ்டர் மேல்.

ஊசியும் நூலும் பொருந்துகின்றனவா என்று பார்க்க, ஊசியைக் கழற்றி ஒரு முழ நூலில் கோத்து, நூலைச் சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தானே வழுக்கி இறங்கினால் தைக்கத் தொடங்கலாம். நடுவில் நின்றுவிட்டால் அடுத்த பெரிய ஊசியை மாட்டுங்கள்.