சீனிக்கிழங்கும் சின்னத் தீயும்



பொங்கலுக்கு முந்தின வாரம் எந்தச் சந்தைக்குப் போனாலும், கரும்புக் கட்டுக்கும் மஞ்சள் கொத்துக்கும் பக்கத்தில், மண் ஒட்டிய செந்தோல் கிழங்கு குவிந்து கிடக்கும். சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று நாம் சொல்வது, தென்மாவட்டங்களில் சீனிக்கிழங்கு. யாழ்ப்பாணத்தில் வற்றாளங்கிழங்கு. பொங்கல் படையலில் வைப்போம், மிச்சத்தை அவித்துத் தோலை உரித்துப் பிள்ளைகள் கையில் கொடுப்போம். அதோடு அந்தக் கிழங்கை மறந்துவிடுவோம். அதையே சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறியாக, இனிப்பும் காரமுமாகக் கல்லில் வாட்டி எடுக்கும் பக்குவத்தைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

"இனிக்கிற கிழங்கை எப்படிச் சோற்றோடு சாப்பிடுவது?" என்று கேட்பவர்கள் உண்டு. சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியில் வெல்லமும் மிளகாயும் ஒன்றாகத்தானே சேருகின்றன? பாகற்காய்க் குழம்பு இறங்கும்போது ஒரு துண்டு வெல்லம் போடாத வீடு குறைவு. பரங்கிக்காய்ப் புளிக்கறியும் அப்படித்தான். உறைப்போடு சேர்ந்த இனிப்பு நம் நாக்குக்குப் பழகிய சுவை. ஒரே ஒரு வித்தியாசம்: அந்தக் கறிகளிலெல்லாம் இனிப்பை நாம் வெளியிலிருந்து சேர்க்கிறோம். இந்தக் கிழங்கோ அடுப்பில் இருக்கும்போதே தன் இனிப்பைத் தானே கூட்டிக்கொள்கிறது.

பச்சைக் கிழங்கைக் கடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் அவ்வளவு இனிப்பு இருக்காது. பெரும்பகுதி மாவுதான். அந்த மாவை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும் நொதி ஒன்று கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. கிழங்கின் உட்பகுதி சுமார் 60 டிகிரி முதல் 75 டிகிரி வரை சூடாக இருக்கும் நேரத்தில்தான் அது மும்முரமாக வேலை செய்யும். சூடு அதற்கு மேலே போனால் நொதி செத்துப்போகும். குக்கரில் வைத்து இரண்டு விசில் விட்டால் அந்த இடைவெளியை நொடியில் தாண்டிவிடுகிறோம். சிறு தீயில் வைத்தால் கிழங்கு அங்கே நின்று நிதானமாக இனிக்கிறது. விறகடுப்புக் காலத்தில் இரவுச் சாம்பலுக்குள் புதைத்துக் காலையில் எடுத்த கிழங்கு அத்தனை தித்திப்பாக இருந்ததற்குக் காரணம் இதுதான். ஜப்பானியர்கள் குளிர்காலத்தில் சூடான கூழாங்கற்களுக்கு நடுவே வைத்துச் சுட்டு, வண்டியில் கொண்டுவந்து விற்பதும் இதே கிழங்கைத்தான்.

முதன்முறை இதை நான் செய்தது விருந்தாளிகள் வந்திருந்த ஒரு பகலில். நேரமாகிவிட்டதே என்று ஒரு கிலோ கிழங்கையும் ஒரே சட்டியில் கொட்டி, மிளகாய்த்தூளைத் தூவி, தீயைக் கூட்டிவிட்டேன். மேலே மசாலா கருகிக் கமறியது, நடுவில் கிழங்கு நறுக்கென்று பச்சையாகவே இருந்தது. இலையில் வைத்ததை யாரும் தொடவில்லை. செய்த தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க அதற்குப் பிறகு ஏழெட்டுத் தடவை செய்து பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது செய்முறை. நான்கு பேருக்கு அரைக் கிலோ போதும். தடிமனான கிழங்கை விட்டுவிட்டு, கைப்பிடிக்குள் அடங்குகிற நீளக் கிழங்காகப் பொறுக்குங்கள். தோலை உரிக்க வேண்டாம். தேங்காய் நாரால் தேய்த்து மண் போகக் கழுவினால் போதும். தோல் இருந்தால்தான் வில்லை உடையாது. அரை விரல் தடிமனுக்கு வட்ட வட்டமாக நறுக்கித் தண்ணீரில் போடுங்கள். வெளியே ஒட்டிய மாவு கரைந்து தண்ணீர் பால்போல் ஆகும். அதை வடித்துவிட்டு, ஒரு துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். மேலே ஈரம் இருக்கும்வரை கிழங்கு வேகுமே தவிர சிவக்காது.

இரும்புத் தோசைக்கல்லைக் காயவைத்து, இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, வில்லைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்குங்கள். கல் கொள்ளாவிட்டால் இரண்டு ஈடாகப் போடுங்கள். நெருக்கி அடுக்கினால் ஒன்றின் ஆவியில் இன்னொன்று அவிந்துபோகும். உப்பும் மஞ்சள்தூளும் மட்டும் தூவி, தீயை நன்றாகக் குறைத்து, மூடி போட்டுவிடுங்கள். பத்து நிமிடம் மூடியைத் திறக்க வேண்டாம். பிறகு திருப்பிப் போட்டு இன்னும் ஐந்து நிமிடம். கத்தி நுனி தடையில்லாமல் இறங்கினால் உள்ளே வெந்துவிட்டது.

இப்போதுதான் மூடியை எடுக்க வேண்டும், தீயைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரைத் தேக்கரண்டி சோம்பு, தோலோடு தட்டிய நான்கு பூண்டுப் பல், ஒரு கொத்துக் கறிவேப்பிலை. மசாலாவை முதலிலேயே பிசறி ஊறவைக்கும் வழக்கம் உருளைக்கிழங்குக்குச் சரி. இங்கே கால் மணி நேரம் கல்லில் கிடந்தால் மிளகாய்த்தூள் கசந்துவிடும். கடைசி மூன்று நான்கு நிமிடம்தான் அதற்கு வேலை. கிழங்கின் ஓரத்தில் பாகு கசிந்து, எண்ணெயோடு சேர்ந்து பழுப்பாக மினுங்கும். சட்டுவத்தால் புரட்டும்போது ஓரங்கள் கல்லில் லேசாகப் பிடித்துப் பிடித்து விடும். அந்த நேரத்தில் இறக்கிவிட வேண்டும். அரை மூடி எலுமிச்சம்பழச் சாறு இறக்கிய பிறகுதான். முன்பே பிழிந்தால் புளிப்பு கிழங்கை மிருதுவாக விடாது.

இதே பக்குவம் மஞ்சள் பூசணிக்கும் கேரட்டுக்கும் வரும். பீட்ரூட்டுக்கு நேரம் கூடுதல். ஆனாலும் மொறுமொறுப்பும் மாவுத்தன்மையும் ஒன்றாகக் கிடைப்பது சீனிக்கிழங்கில் மட்டும்தான் என்பது என் தீர்ப்பு.

ஆரஞ்சு நிறச் சதை உள்ள கிழங்கு கிடைத்தால் விடாதீர்கள். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 'ஸ்ரீ கனகா', 'பூ சோனா' என்று அப்படிப்பட்ட ரகங்களைத் தந்திருக்கிறது. அந்த நிறம் பீட்டா கரோட்டின். உடம்பில் அது வைட்டமின் ஏ ஆகிறது. ஆப்பிரிக்காவில் வைட்டமின் ஏ குறைவுக்கு எதிராக இந்த ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பிய விஞ்ஞானிகளுக்கு 2016இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பீட்டா கரோட்டினை உடம்பு ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பும் வேண்டும், அதனால் அந்த நல்லெண்ணெய் வீண்போவதில்லை. நீர்ச்சத்து கூடிய கிழங்கு அது. வெள்ளைச் சதைக் கிழங்கைப்போல மொறுமொறுக்காது, கூடுதல் குழைவாக வரும்.

வாங்கி வந்த கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். நடுப்பகுதி கெட்டித்து, எத்தனை நேரம் வைத்தாலும் வேகாமல் நிற்கும். காற்றோட்டமான கூடையில் வைத்தாலே போதும். தயிர்சோற்றுக்கு இந்த வறுவல் நன்றாக இருக்கும். மிளகு ரசத்துக்கு இன்னும் நன்றாக இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ரசம் வைக்கும்போது பக்கத்து அடுப்பில் கல்லைப் போடுங்கள், தீயைக் குறைத்தே வையுங்கள்.