தெருமுனைத் தொட்டியும் எடுத்தனூர் நடுகல்லும்

(சங்கத்தின் ஜவ்வாது மலைச் சுற்றுலாவின்போது ஜமுனாமரத்தூரில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து பழகியவன், நேரத்தை மீறமாட்டேன்.

நம் கேட்டுக்கு வெளியே தெருமுனையில் ஒரு பூந்தொட்டி இருக்கிறதல்லவா, அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அந்த இடத்தில் முன்பு எல்லோரும் குப்பை கொட்டுவார்கள். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அது தெரியாது. யாரோ போட்டுவிட்டுப் போன பழைய கிணற்று உறையை நிமிர்த்தி வைத்து, மண் நிரப்பி, செம்பருத்தி நட்டோம். பி பிளாக் பெண்கள் அதைச் சுற்றிலும் பெயின்டில் கோலம் வரைந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே ஒரு பை குப்பைகூட விழவில்லை.

கல்லூரியில் படிக்கும் என் பேரன் போக்கிமான் கோ விளையாடுகிறவன். அந்த விளையாட்டின் வரைபடத்தில் கோயில், சிலை, பூங்கா எல்லாம் நிறுத்தங்களாக வரும். புதிய இடங்களை விளையாடுபவர்களே முன்மொழியலாம். இந்த ஏற்பாட்டுக்கு வேஃபேரர் என்று பெயர். மற்ற விளையாட்டாளர்கள் படத்தையும் குறிப்பையும் பார்த்து ஏற்பார்கள், அல்லது தள்ளுவார்கள்.

"தாத்தா, நம்ம தொட்டியைப் போடலாமா?" என்றான். 'அழகான பூந்தொட்டி' என்று இரண்டே வார்த்தை எழுதி அனுப்பினோம். தள்ளுபடி ஆகிவிட்டது.

தவறு எங்களுடையதுதான். கடையில் வாங்கி வைத்த தொட்டிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நாங்கள் சொல்லவே இல்லையே! முகவரிச் சான்று இல்லாமல் கணக்குத் தொடங்க வந்தவர்களை நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்!

பிறகுதான் விதிகளைப் படித்தோம். இடம் நிலையானதாக இருக்க வேண்டும். நடந்துபோய்ச் சேர முடிய வேண்டும். தனி வீட்டு மனைக்குள்ளோ பள்ளிக்கூடத்துக்குள்ளோ இருக்கக் கூடாது. சுற்றிப் பார்க்கவோ, உடற்பயிற்சிக்கோ, நாலு பேர் கூடவோ ஏற்றதாக இருக்க வேண்டும். இரண்டாம் முறை கோலம் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம், தெருவோடு சேர்த்து ஒரு படம், குப்பைமேடு தொட்டியான கதை நாலு வரி என்று அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த மலைக்குக் கீழே செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. அங்கே எடுத்தனூரில் ஒரு நடுகல் கிடைத்தது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்த செய்தி அதில் இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு நாயின் உருவம். அதன் பெயர் கோவிவன்; இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் பொறித்திருக்கிறார்கள். பெயரையும் செய்தியையும் யாரோ வெட்டி வைத்ததால்தான், 1400 ஆண்டு கழித்தும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. எழுத்து இல்லாவிட்டால் அதுவும் வயலோரத்துக் கல்லாகவே கிடந்திருக்கும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் தொட்டியை எடுத்துவிட்டு பைக் நிறுத்த இடம் பண்ணலாம் என்று ஒரு தீர்மானம் வருகிறது. இடநெருக்கடி உண்மைதான், நான் மறுக்கவில்லை. வரைபடத்தில் ஏறிவிட்டதால் அதை எடுக்கக் கூடாது என்றும் சொல்லமாட்டேன். அந்தப் பதிவு நமக்கு எந்த உரிமையும் தராது. அந்த மூலையில் மறுபடி குப்பை விழுந்தால் யார் அள்ளுவது என்பதை மட்டும் யோசித்துவிட்டு வாக்களியுங்கள்.

தொட்டி இருக்கட்டும் என்று முடிவானால், என் வேண்டுகோள் நான்கு. வாரத்துக்கு ஒரு தளம் என்று முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுவோம். போனும் கையுமாக வரும் பிள்ளைகளை விரட்ட வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவைப்போம். நம் பிள்ளைகளுக்குத் தெருவைப் பார்த்து நடக்கச் சொல்லிக்கொடுப்போம். தொட்டி வைத்த ஆண்டையும் கோலம் போட்டவர்கள் பெயரையும் ஒரு சின்னப் பலகையில் எழுதி வைப்போம். பலகைச் செலவு என்னுடையது.

ஐந்து நிமிடம் ஆகிவிட்டது.