காய்ச்சலுக்கும் ஒரு பேரேடு உண்டு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மழைக்காலம் வரப்போகிறது, காய்ச்சலைப் பற்றி யாராவது நாலு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும் என்று செயலாளர் சொன்னார். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எனவே மருந்து மாத்திரை பற்றிப் பேசப்போவதில்லை. இவ்வளவு பெரிய நாடு சளி, காய்ச்சலை எப்படிக் கணக்கு வைக்கிறது, அந்தக் கணக்கில் நாம் இருக்கிறோமா என்பதை மட்டும் சொல்கிறேன்.

2025 ஜனவரி முதல் வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். சீனாவில் எச்.எம்.பி.வி. என்று செய்தி வந்தது. அடுத்து பெங்களூருவில் இரண்டு குழந்தைகள், பிறகு சென்னையில் ஒருவர், சேலத்தில் ஒருவர். நம் வாட்ஸ்அப் குழுவில் அன்று ராத்திரி யாரும் தூங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் அது 2001-லேயே நெதர்லாந்தில் அடையாளம் காணப்பட்ட வைரஸ். நம் நாட்டிலும் முன்பே புழக்கத்தில் இருந்ததுதான். பெங்களூரு குழந்தைகள் இருவரும் வழக்கமான கண்காணிப்புப் பரிசோதனையில் தெரிய வந்தவர்கள். காய்ச்சல் நோயாளிகள் எண்ணிக்கையில் வழக்கத்துக்கு மாறான ஏற்றம் எதுவும் இல்லை என்று மத்திய அரசு அப்போது சொன்னது. அப்படி ஒரு வரி சொல்ல வேண்டுமானால், வழக்கம் என்பது எவ்வளவு என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதற்குப் பழைய வருடங்களின் பேரேடு கையில் வேண்டும்.

அந்தப் பேரேடு எப்படி எழுதப்படுகிறது? தும்முகிறவர்களை எல்லாம் எண்ண முடியாது. அதனால் ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது நம் தெர்மாமீட்டரில் 100.4, அதற்கு மேல் காய்ச்சல், கூடவே இருமல், ஆரம்பித்து பத்து நாளுக்குள் இருக்க வேண்டும். அவர் ஒரு பட்டியலில் வருவார். அதே நிலைமையில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் இன்னொரு பட்டியல். குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில் இவர்களில் சிலருடைய மூக்கு, தொண்டையிலிருந்து மாதிரி எடுத்து என்ன வைரஸ் என்று பார்க்கிறார்கள். 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம், ஐ.சி.எம்.ஆரின் ஆய்வகங்கள், புனேயில் 1952 முதல் இருக்கும் வைரஸ் ஆய்வு நிலையம் என்று இதற்குப் பல கைகள். வாரா வாரம் கணக்கு சேருகிறது.

இந்த எண்களைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். போன வாரம் 400 பேரைப் பரிசோதித்ததில் 40 பேருக்கு ஃப்ளூ. இந்த வாரம் 1,200 பேரைப் பரிசோதித்ததில் 60 பேருக்கு. டி.வி.யில் என்ன சொல்வார்கள்? ஒரே வாரத்தில் 50 சதவீதம் உயர்வு! ஆனால் போன வாரம் நூற்றுக்கு 10, இந்த வாரம் நூற்றுக்கு 5. பாதியாகக் குறைந்திருக்கிறது. கீழே இருக்கும் எண்ணைச் சொல்லாமல் மேலே இருக்கும் எண்ணை மட்டும் யாராவது ஃபார்வர்டு செய்தால், தயவுசெய்து எத்தனை பேரில் என்று கேளுங்கள். அந்த 1,200 பேரை முன்போல அதே இடங்களில், அதே மாதிரி நோயாளிகளிடமிருந்து எடுத்தார்களா என்பதும் முக்கியம்தான்.

இனி நமக்கு நேரடியாகப் பயன்படும் விஷயம். 2009-இல் பன்றிக்காய்ச்சல் வந்த பிறகு சில ஆண்டுகள் பல ஊர்களின் ஃப்ளூ கணக்கை வைத்து ஆராய்ந்தார்கள். ஸ்ரீநகரில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை உச்சம். டெல்லி, புனே, கொல்கத்தா ஆகிய ஊர்களில் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர். அவரவர் மழை, அவரவர் குளிர் எப்போதோ அப்போது. டெல்லியில் இருக்கும் பிள்ளை "இங்கே எல்லாரும் ஊசி போட்டுக்கொள்கிறார்கள்" என்று சொல்லும் மாதமும் நமக்கு ஏற்ற மாதமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஊசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் ஆகும். மாதங்கள் போகப் போக அது குறையவும் செய்யும். ஆகையால் 60 தாண்டியவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள், "வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே போட்டுக்கொள்ளலாமா" என்று உங்கள் டாக்டரிடம் தேதி சொல்லிக் கேளுங்கள். இதுவும் ரயில்வே டைம்டேபிள் அல்ல. 2023-இல் பிப்ரவரி, மார்ச்சிலேயே எச்3என்2 நாடு முழுக்க ஆட்டி வைத்தது. அதனால்தான் வாரா வாரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊசிக்குள் என்ன போடுவது என்பதையும் இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளின் கணக்கையும் சேர்த்து, வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், பரிந்துரை சொல்கிறது. நான்கு வகை வைரஸுக்கு ஊசி இருந்தது. அதில் பி யமகாட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாக எங்கேயும் அகப்படவில்லை. எனவே இனி மூன்று போதும் என்று சொல்லிவிட்டார்கள். வரவு இல்லாத கணக்கை மூடுகிற மாதிரி!

சரி, நம் அப்பார்ட்மெண்ட் இந்தப் பேரேட்டில் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் இல்லை. காய்ச்சல் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? கேட்டுக்கு எதிரே மெடிக்கல் ஷாப். போன தடவை டாக்டர் எழுதிய அசித்ரோமைசின் சீட்டை நீட்டி அதையே வாங்கிக்கொள்கிறோம். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, பருவக் காய்ச்சலுக்கு அதை எடுக்க வேண்டாம் என்று இந்திய மருத்துவச் சங்கம் 2023 மார்ச்சில் வெளிப்படையாகவே சொன்னது. காசும் வீண், கணக்கிலும் வருவதில்லை. ஒரே மாடியில் ஆறு வீட்டில் படுத்திருந்தாலும் மாநகராட்சிக்குத் தெரியாது.

கழிவுநீரில் வைரஸைத் தேடும் முறையும் வந்திருக்கிறது. கொரோனா காலத்தில் பெங்களூருவில் நகரம் முழுவதும் செய்தார்கள். டாக்டரிடம் போகாதவரும் பாத்ரூமுக்குப் போய்த்தானே ஆக வேண்டும்! நம் எஸ்.டி.பி.க்கும் ஒருநாள் அந்த மரியாதை கிடைக்கலாம்.

அதுவரை, நம் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு பிளாக்கிலும் இந்த வாரம் எத்தனை வீட்டில் இருமலோடு காய்ச்சல் என்பதை மட்டும், பெயரோ வீட்டு எண்ணோ இல்லாமல், பிளாக் பொறுப்பாளர் ஞாயிற்றுக்கிழமை எழுதி வைக்கட்டும். திடீரென்று ஒரு பிளாக்கில் கூடினால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லிவிடலாம். நோட்டுப் புத்தகம் நான் வாங்கித் தருகிறேன், கூட்டிப் பார்க்கும் வேலையும் என்னுடையது. பி பிளாக்கில் பொறுப்பாளர் இன்னும் அமையவில்லை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.