குடிநீருக்கும் உண்டு மாதப் பராமரிப்பு

(சங்கத்தின் தை மாதப் பொதுக்குழுக் கூட்டத்தில், 'பி' பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர் ஆற்றிய உரை. சற்றே சுருக்கித் தரப்படுகிறது.)



தலைவர் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். நான் இருபது நிமிடம் எடுத்துக்கொள்வேன் என்பது அவருக்குத் தெரியும். அடுத்து டிபன் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கேட்டில் காவல் பார்க்கும் அண்ணன் ஒருவரின் சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், முதுகுளத்தூர் பக்கம். கோடையில் அங்கே குடிதண்ணீருக்குப் படும் பாட்டை அவர் சொல்லக் கேட்டு, தீபாவளியின்போது நாமெல்லாம் சேர்ந்து 4 லட்சம் ரூபாய் திரட்டினோம். அந்தப் பணத்தில் ஊருக்கு ஓர் ஆர்.ஓ. இயந்திரம் வாங்கிக் கொடுப்பது என்பது இன்றைய தீர்மானம். நல்ல மனதோடு வந்த தீர்மானம். ஆனால் அதை இன்று நிறைவேற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அந்த அண்ணனோடு நானும் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் நடுவில் ஒரு சின்ன அறை, ஷட்டர் இறக்கிப் பூட்டிக் கிடந்தது. பக்கத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே ஓர் ஆர்.ஓ. இயந்திரம்! சில ஆண்டுகளுக்கு முன்பு யாரோ புண்ணியவான் கொடுத்தது. இயந்திரத்தின் மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. வெளியே கொடுத்தவர் பெயர் பொறித்த கல் மட்டும் இன்னும் பளபளவென்று இருக்கிறது.

ஏன் நின்றுபோனது என்று விசாரித்தேன். இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட பையன் வேலைக்காகத் திருப்பூர் போய்விட்டான். உள்ளே இருக்கும் சவ்வை மாற்ற வேண்டிய சமயம் வந்தபோது யார் பணம் தருவது என்று பேச்சு வந்து, பேச்சோடு நின்றுவிட்டது. கரண்ட் பில் யார் தலையில் என்பதிலும் ஒரு தகராறு. இயந்திரம் கெட்டதாக யாருமே சொல்லவில்லை. அதைக் கவனிக்க ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான். நாம் இன்னொன்று வாங்கிக் கொடுத்தால், பூட்டிய அறை இரண்டாகும்.

சரி, அந்த ஊருக்கு என்னதான் பிரச்சினை? மழையே இல்லையா? இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை பெய்கிறது. நம் சென்னைக்கு 1,400 மில்லிமீட்டர் அளவில். அங்கே பெய்வதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவமழையில் வந்து போய்விடுகிறது. மற்ற மாதங்களில் வானம் வெறும் நீலம்தான். போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர். ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்ற கணக்கு அந்த மண்ணில் எப்போதும் செல்லாது. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதையும் தாண்டிய தண்ணீரை வாயில் வைக்க முடியாது. பருப்பும் வேகாது.

இப்படிப்பட்ட மண்ணில் மனிதர்கள் எப்படி நூற்றாண்டுக் கணக்காகக் குடியிருந்தார்கள்? அதற்கு விடைதான் ஊரணி. கண்மாய் வயலுக்கு, ஊரணி வாய்க்கு. மழைத் தண்ணீரை ஊருக்குப் பக்கத்திலேயே தேக்கி, அடுத்த மழை வரை வைத்துக் குடித்தார்கள்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் பரப்பில் 3 மீட்டர் ஆழத்துக்கு ஊரணி இருந்தால், கரையெல்லாம் செங்குத்து என்று வைத்துக்கொண்டால், சுமார் 1 கோடியே 20 லட்சம் லிட்டர் பிடிக்கும். கரை சரிவாகத்தான் இருக்கும் என்பதால் 80 லட்சம் என்றே வையுங்கள். அதில் பாதியை வெயிலும் மண்ணும் குடித்துவிடட்டும். மீதி 40 லட்சம் லிட்டர். ஊரில் ஆயிரம் பேர், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் என்றால், ஆண்டுக்கு 36½ லட்சம் லிட்டர். கணக்கு நேராகிறது. குளிக்க, துவைக்க இது போதாது. ஆனால் தாகத்துக்குப் போதும்.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாகப் பேசுகிற நான், வேலையில் இருந்தபோது என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1990-களின் தொடக்கம். நான் இளம் பொறியாளர். அதே மாவட்டத்தில் வேறொரு ஊர். ஆற்றுப்படுகையில் கிணறு வெட்டி, குழாய் பதித்து, வழியிலுள்ள ஊர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கும் திட்டம். கடைசி ஊர் அதுதான். குழாயில் தண்ணீர் கொட்டிய நாளில் ஊரே கூடியிருந்தது. எனக்கு மாலை போட்டார்கள். அந்த மகிழ்ச்சியில் நான் மைக்கைப் பிடித்து, "இனிமேல் நீங்கள் ஊரணிக்குப் போக வேண்டியதில்லை" என்று பேசினேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

என் பேச்சை அவர்கள் அப்படியே நம்பிவிட்டார்கள். அதுவரை ஊரணிக்குள் செருப்போடு இறங்கக் கூடாது, குளிக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு இருந்தது. அதைப் பார்க்க ஊர்ச்செலவில் ஒரு காவல்காரர் இருந்தார். குழாய் வந்த பிறகு காவலுக்கு எதற்கு நெல் அளக்க வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். மாடு இறங்கியது. வரத்துக்காலில் சீமைக்கருவேலம் முளைத்துப் புதராகியது. கரையோரம் குப்பை சேர்ந்தது.

இரண்டு கோடை கழிந்து அந்த ஊருக்குப் போனேன். ஆற்றில் நீர்மட்டம் இறங்கி, மேலே உள்ள ஊர்களுக்கே குழாயில் போதாத நிலை. கடைசி ஊருக்குக் காற்றுதான் வந்தது. நான்கைந்து குடங்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, பெண்கள் மூன்று கிலோமீட்டர் போய் வந்தார்கள். ஒரு வயதான அம்மா வண்டியை நிறுத்தி என்னை அடையாளம் கண்டுகொண்டார். கோபமாகக் கூடப் பேசவில்லை. "கொழாயக் குடுத்தீக, நல்லதுதான் தம்பி. ஊரணிய எதுக்கு எடுத்தீக?" என்று கேட்டார். நான் ஊரணியை எடுக்கவில்லை. அதைக் கவனிக்க வேண்டிய காரணத்தை எடுத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று இங்கே நின்று பேசுவதுதான் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய்த் திட்டங்கள் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2009-இல் திருச்சி அருகே காவிரியிலிருந்து தண்ணீர் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்குக் கொடுக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அது பல ஊர்களின் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல்லில் கறை, எலும்பில் வளைவு. அங்கே 2013-இல் வந்த ஒகேனக்கல் திட்டம் அவசியமானது. புளோரைடு உள்ள இடத்தில், வேறு நல்ல தண்ணீரே கிடைக்காதபோது, ஆர்.ஓ.வும் தேவைதான். ஆனால் நீளமான குழாய்க்கு எப்போதும் ஒரு கடைசி ஊர் இருக்கும். அந்தக் கடைசி ஊருக்குக் கைவசம் சொந்தமாகக் கொஞ்சம் தண்ணீர் இருக்க வேண்டும்.

கடைசி ஊராக இருப்பது எப்படி இருக்கும் என்பது நமக்கும் தெரியும். 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்ததே, நினைவிருக்கிறதா? அந்தக் கோடையில் நம் சம்ப் அடியில் சேறு தெரிந்தது. லாரிக்காரருக்கு நாம் எத்தனை முறை போன் செய்தோம்! அந்த லாரித் தண்ணீரும் எங்கோ ஒரு கிராமத்துக் கிணற்றிலிருந்துதான் வந்தது.

இப்போது நம் காவலாளி அண்ணனின் ஊருக்குத் திரும்புவோம். அங்கே ஒரு ஊரணி இருக்கிறது. நான் கரையைச் சுற்றி நடந்து பார்த்தேன். மார்கழி மழைத் தண்ணீர் கொஞ்சம் கிடந்தது. என்னிடம் இருந்த மீட்டரை அதில் வைத்துப் பார்த்தேன், டி.டி.எஸ். 200-க்கும் கீழே. போர் தண்ணீரில் வைத்தேன், 3,000-ஐத் தாண்டியது. ஆனால் இங்கே நிறையப் பேர் டி.டி.எஸ். மீட்டர் வைத்திருக்கிறீர்கள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மீட்டர் உப்பைத்தான் சொல்லும். கிருமியைச் சொல்லாது. 200 காட்டிய அந்தத் தண்ணீரில் ஆடு இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தத் தண்ணீரை அப்படியே குடித்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம்.

ஆகவே செய்ய வேண்டிய வேலைகள் இவை. முதலாவது, வரத்துக்காலில் உள்ள சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து, மழைநீர் வரும் வழியைத் திறப்பது. இரண்டாவது, வண்டல் மண்ணை மட்டும் தூர்வாருவது. ஆழம் அதிகமானால் நல்லது என்று ஜே.சி.பி.யை விட்டு அடியிலுள்ள களிமண்ணையும் கிழித்துவிட்டால், தேக்கிய தண்ணீர் கீழே இறங்கிவிடும், அல்லது கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் மேலே வரும். அடியில் எவ்வளவு களிமண் இருக்கிறது என்று குழி போட்டுப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். மூன்றாவது, சுற்றிலும் வேலி. நான்காவது, கரையை ஒட்டி ஒரு கிணறு. ஊரணித் தண்ணீர் மணலும் சரளையும் போட்ட வடிகட்டி வழியாக அந்தக் கிணற்றுக்கு வரும். மேலே மூடி, அதில் ஒரு கைப்பம்பு. யாரும் ஊரணிக்குள் இறங்க வேண்டிய அவசியமே இருக்காது. கலங்கலைத் தெளிய வைக்கப் பானையில் தேத்தாங்கொட்டையை இழைக்கும் பழக்கம் அங்கே பாட்டிமார்களுக்கு இன்றும் தெரியும். ஆனால் தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் அல்ல. குளோரின் போட வேண்டும், அல்லது கொதிக்க வைக்க வேண்டும்.

இவை எல்லாம் ஒரு கோடையில் முடிகிற வேலைகள். முடியாத வேலை ஒன்று இருக்கிறது. அதுதான் முக்கியம். வேலியைப் பார்ப்பது, குளோரின் போடுவது, பம்பு வாஷர் மாற்றுவது, ஆண்டுக்கு ஒருமுறை வடிகட்டி மணலைக் கழுவுவது.

இதை உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஏன் ஓடுகிறது? வாங்கும்போது நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்கியதாலா? இல்லை. மாதா மாதம் நாம் மெயின்டனன்ஸ் கட்டுவதால். கட்டாதவர் பெயரை நோட்டீஸ் போர்டில் போடுவதால். மோட்டார் சத்தம் மாறினால் உடனே கவனிக்க ஒரு பிளம்பர் இருப்பதால். மூன்று மாதம் மெயின்டனன்ஸ் வசூலிக்காமல் விட்டுப் பாருங்கள், இந்த ஐந்து மாடிக் கட்டடத்துக்கும் பூட்டிக் கிடக்கும் அந்த ஆர்.ஓ. அறைக்கும் வித்தியாசம் இருக்காது. நமக்கு வேண்டியது அந்த ஊருக்கும் வேண்டும். மாதம் வீட்டுக்கு இருபது ரூபாயாக இருந்தாலும், அது அவர்கள் போடும் பணமாக, அவர்கள் வைத்த ஆளுக்குக் கொடுக்கும் சம்பளமாக இருக்க வேண்டும்.

எனவே என் கோரிக்கை மூன்று.

ஒன்று, இன்று பணத்தைச் செலவழிக்கத் தீர்மானம் போடாமல், முதலில் ஊராரைக் கேட்போம். ஊரணி பஞ்சாயத்துக்குச் சொந்தம். மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. அதில் பெண்களும் வந்து உட்கார்ந்து, தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லட்டும். குடம் சுமப்பது அவர்கள்தான். இல்லை, பழைய ஆர்.ஓ.வைச் சரிசெய்து கொடுங்கள், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று அவர்கள் சொன்னால், அதையே செய்வோம். நான் சொன்னதுதான் சரி என்று பிடிவாதம் பிடிக்க மாட்டேன். ஒருமுறை மைக்கில் பேசிப் பட்டது போதும்.

இரண்டு, ஊரணி என்று முடிவானால், ஐப்பசி மழைக்கு முன்பே வேலை முடிய வேண்டும். 4 லட்சத்தில் பாதியை வேலைக்குக் கொடுப்போம். மீதியை வங்கியில் வைப்பாகப் போட்டு, வட்டியைப் பராமரிப்புக்கு மட்டும் தருவோம், ஊர்ப்பங்கு வசூலான ஆண்டுகளில்.

மூன்று, கல்வெட்டு வேண்டாம். நம் சங்கத்தின் பெயர் அங்கே எங்கும் வேண்டாம். கல்லில் நம் பெயர் இருந்தால், பம்பு உடைந்த அன்று 'மெட்ராஸ்காரர்கள் வந்து சரி செய்வார்கள்' என்று காத்திருப்பார்கள். அது அவர்கள் ஊரணி. பெயர் போட வேண்டுமானால் அவர்கள் ஊர்ப் பெயரைப் போடட்டும்.

பணம் கொடுத்த யாரும் இதனால் வருத்தப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கொஞ்சம் தாமதமாகும், உண்மை. ஆனால் அடுத்த ஆண்டு தை மாதம் நானும் அண்ணனும் அந்த ஊருக்குப் போகும்போது, பூட்டிய ஷட்டரைப் பார்க்காமல், கைப்பம்பில் தண்ணீர் அடித்துக் குடித்துவிட்டு வர வேண்டும். யாருக்காவது கூட வர விருப்பம் இருந்தால், பெயரைச் செயலாளரிடம் கொடுங்கள். வேனில் இடம் இருக்கிறது.